ஏழாம் எண் அறையின் வெப்பம்

அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவன் 'டிகிரி'தான். எந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி யார் வந்து புலம்பினாலும் அவன் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை டிகிரி காட்டுது?" கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டவன் வேறு. "நம்ம ஆபீஸ்லயே டிகிரி இல்லாத ஒரே டிகிரி இவர்தான்" என்று சாப்பாட்டு வேளையில் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் கோபப்பட்டால் கட்டுப்படியாகுமா?

பல நிறுவனங்களின் சர்வர் அறைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்காணிப்பது அவன் வேலை. இரவு பகல் அணையாமல் ஓடும் பெரிய கம்ப்யூட்டர்கள் அவை. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் மூலைக்கொன்றாகச் சென்சார்கள் இருக்கும். எது எவ்வளவு சுடுகிறது, எந்த ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கும். அதையெல்லாம் வாங்கி வரைபடமாகப் போட்டுக் காட்ட ஒரு சாஃப்ட்வேர். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு டிகிரி.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பதினோரு அறைகள் புதிதாக அவன் பொறுப்புக்கு வந்தன. பட்டியலில் நிறுவனத்தின் பெயர், ஊர், தெரு எதுவும் கிடையாது, எண் மட்டும்தான். பத்து அறைகள் சமர்த்தாக இருந்தன. ஏழாம் எண் அறை முதல் நாளிலிருந்தே படுத்தியது.

காலை ஒன்பது ஐம்பது வரை இருபத்தொரு டிகிரி. பிறகு மளமளவென்று ஏறிப் பத்தரைக்குள் இருபத்தெட்டைத் தொடும். திரையில் மஞ்சள் விளக்கு மினுங்கும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன்கள் ஐயாயிரத்துக்குத் தாவும். மாலை ஐந்தேகாலுக்கு மேல் தானாக இறங்கி, ஆறு மணிக்குப் பழையபடி இருபத்தொன்று. இது போதாதென்று ஒரு சென்சார் நடுநடுவே நூற்று இருபத்தேழு டிகிரி என்று காட்டி எல்லாரையும் அலறவைத்தது.

நூற்று இருபத்தேழை அவன் இரண்டே நாளில் பிடித்துவிட்டான். அந்த சர்வரில் பழைய ஆட்கள் போட்டிருந்த கண்காணிப்பு சாஃப்ட்வேர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஒரே சிப்பிடம் போய்க் கேள்வி கேட்டன. யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் சிப் எதையோ உளறியது. பழையதை எடுத்ததும் உளறல் நின்றது.

ஆனால் இருபத்தெட்டு நிற்கவில்லை.

சென்சார் கெட்டிருக்கும் என்று நினைத்து மற்றவற்றைப் பார்த்தான். ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் பெட்டி, பேட்டரி என்று ஆறு இடங்களில் தனித்தனிச் சென்சார்கள். ஆறும் அதே நேரத்தில் ஏறி அதே நேரத்தில் இறங்கின.

"ஒருத்தன் பொய் சொல்லலாம் மேடம்" என்றான் மேனேஜரிடம். அவள் அவனைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் காரியத்தில் கெட்டிக்காரி. "ஆறு பேரு, ஒருத்தரை ஒருத்தர் பாக்காதவங்க, நிமிஷம் பிசகாம ஒரே பொய்யைச் சொல்ல முடியாது. ரூமே சூடாகுது."

"வேலை அதிகமா இருக்கும். சர்வர் திணறுது."

"வேலையே இல்ல. பழைய ரெக்கார்டு இருக்கிற சர்வர். சும்மா தூங்கிட்டிருக்கு. இன்னொண்ணு பாருங்க." மூன்று வாரத்துக் கோடுகளையும் ஒன்றாக இழுத்துக் காட்டினான். "திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் மலை. சனி, ஞாயிறு தரை. மெஷினுக்கு லீவு நாள் தெரியுமா மேடம்?"

மேனேஜர் திரைக்குக் கிட்டே குனிந்தாள். "நடுவுல இந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் தரையா இருக்கே?"

"அதான் எனக்கும் புரியல."

"புரியறதுக்கு என்ன இருக்கு? யாரோ வர்றாங்க. ஏசியைக் கூட்டிக் குறைக்கறாங்க. கிளையை மூடி ரெண்டு மாசமாச்சுன்னு சொல்றாங்க, அங்க யாரு வரப்போறான்னு தெரியல. நேர்ல போய்ப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க டிகிரி சார்."

முகவரி எழுதிய சீட்டை நீட்டினாள். அதைப் படித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அட! இது என் வீட்டுக்காரி பழைய ஆபீஸ் ஆச்சே!"

பதினேழு வருடம் அவன் மனைவி வேலை பார்த்த இடம் அது. ரெக்கார்டு பிரிவு. எந்த ஃபைல் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். 'ஃபைல் மேடம்' என்றால் அந்தக் கிளையில் எல்லாருக்கும் தெரியும். கிளையை மூடியபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்படித்தான் அவள் சொல்லியிருந்தாள். அவளை எப்படியும் விட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், கிளையை மூடிய நாளில் அவன் வழியில் இனிப்புக்கூட வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

அன்று காலையும் அவள் எட்டரைக்கே கிளம்பியிருந்தாள். தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா, இந்த வெயிலில் ஒரு ஸ்வெட்டர்.

"எதுக்கு ஸ்வெட்டர்?" என்று கேட்டதற்கு, "அங்க ஏசி எலும்பு வரைக்கும் குத்துதுங்க" என்றாள். அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்" கொட்டினான்.

சாயங்காலம் அவளிடம் சொல்லி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினான். உன் இடத்துக்கே போய் வந்தேன், உன் நாற்காலியைப் பார்த்தேன் என்று.

கீழ்த்தளத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பக்கத்தில் குறுகலான படிக்கட்டு. கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தை ஒதுக்கி வழி விட்டாள்.

"ஆபீஸுக்கா? மேல ஆள் இருக்காங்க. கதவு திறந்துதான் இருக்கும்" என்றாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ வந்து போகிறார்கள் போலிருக்கிறது, ஒரு தகவல் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஏறினான்.

மேலே பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. மேசைகள் இருந்த இடங்களில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சுவரில் நாட்காட்டி இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தோடு தொங்கியது. கோடியில் ரெக்கார்டு அறை, அதற்குள் கண்ணாடித் தடுப்புப் போட்டு சர்வர் அறை. ஃபேன்கள் இரையும் சத்தம் கூடத்திலேயே கேட்டது. ஐயாயிரம் சுற்று என்று அவன் காது கணக்குப் போட்டது. கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து.

தடுப்புக் கதவைத் தள்ளினான். சில்லிப்பு இல்லை. சாதாரண வீட்டு அறைபோல இருந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற சர்வர் அலமாரி பின்பக்கத்தை மறைத்தது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டீயை அங்கேயே வைங்கக்கா. இதோ வர்றேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இந்தக் குரலைத் தெரியும் என்பது முதலில் உறைத்தது. யாருடைய குரல் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடிதான் இருந்திருக்கும். அந்த ஒரு நொடியில் அவன் காதில் ஃபேன் சத்தம்கூட விழவில்லை. கை கதவுப் பிடியிலேயே ஒட்டிக்கொண்டது. இல்லை, குரல் ஒற்றுமை, உலகத்தில் எத்தனையோ பேர், என்று மனசு ஏதேதோ சொல்லிப் பார்த்தது. கால் தானாக இரண்டு எட்டு வைத்தது.

அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை. மேசையில் காலையில் அவன் கண்ணெதிரே மூடிய சாப்பாட்டு டப்பா. நாற்காலி முதுகில் ஸ்வெட்டர். ஒரு தடித்த நோட்டு, நான்கைந்து பேனா, பழைய கறுப்பு டெலிபோன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

அவன் மனைவி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் முகம் வெளிறிப்போனதை அவன் பார்த்தான். தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது.

ஒரு முறை. இரண்டு முறை. அவள் கண் அவன் மேலேயே இருந்தது. மூன்றாவது மணியில் அவள் கை நீண்டு ரிசீவரை எடுத்தது. எடுக்க வேண்டும் என்று அவள் நினைத்து எடுத்ததுபோல இல்லை.

"வணக்கம். கிளை அலுவலகம், ரெக்கார்டு பிரிவு" என்றாள்.

அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. நிதானமான, அவசரமே இல்லாத குரல். வீட்டில் அவள் இப்படிப் பேசி அவனுக்கு நினைவில்லை.

"சொல்லுங்கம்மா... ஆமா, கிளையை மூடிட்டாங்க... இல்ல, அழாதீங்க. உங்க வீட்டுக்காரர் பேர்ல இருந்த பாலிசிதானே? அந்த ஃபைல் போன மாசமே தலைமை அலுவலகத்துக்குப் போயிடுச்சு. நீலக் கட்டுல போயிருக்கு... அங்க போய் நாலாவது மாடின்னு கேளுங்க. கீழயே உக்கார வச்சுடுவாங்க, உக்காராதீங்க. நேரா மேல போங்க. இறப்புச் சான்றிதழ் ரெண்டு நகல் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு போதாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்புவாங்க... சரிம்மா. தைரியமா இருங்க."

நான்கு நிமிடம் பேசியிருப்பாள். அதுவரை அவன் சர்வர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் சூடான காற்று அடித்தது. அவள் ரிசீவரை வைத்துவிட்டு நோட்டில் தேதி, நேரம், பெயர் என்று எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். அதற்குப் பிறகுதான் மறுபடி அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் அவன். அது உண்மைதான். "நான் ஏசியைப் பாக்க வந்தேன்."

"ஏசியா?"

"ரூம் சூடாகுதுன்னு சென்சார் காட்டிச்சு. மூணு வாரமா. நான்தான்... இதைப் பாக்கறது நான்தான்." பேசப் பேசத் தன் குரல் யாருடையதோபோல் அவனுக்குக் கேட்டது. "ஒன்பது ஐம்பதுக்கு ஏறும். அஞ்சேகாலுக்கு இறங்கும்."

அவள் சுவரிலிருந்த ஏசி ரிமோட்டைப் பார்த்தாள். "குளிருச்சு. வந்ததும் ஏசி குளிரைக் குறைச்சு வச்சுக்குவேன். போறப்ப பழையபடி வச்சுட்டுப் போவேன். நான் உள்ள நுழைஞ்சாலே இதுங்க எல்லாம் இரைய ஆரம்பிக்கும். என்னைத் திட்டற மாதிரியே இருக்கும். இதை யாராவது பாத்துட்டிருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குச் சட்டென்று அந்தச் செவ்வாய்க்கிழமை புரிந்தது. அன்று மகளுக்குக் காய்ச்சல். இவள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். கோடு நாள் முழுக்கத் தரையாகக் கிடந்தது. மூன்று வாரமாக அவன் கண்ணில் விரலை விட்டு ஆட்டியிருக்கிறது அந்தக் கோடு. தன் மனைவி வீட்டை விட்டுக் கிளம்புவதையும் திரும்புவதையும் நிமிடக் கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். சென்சார் பொய் சொல்லவில்லை என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறான்! அங்கிருந்த அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"மாத்தல் ஆர்டர் வரலையா?"

"யாருக்கும் வரல. என்னையும் சேர்த்துத்தான் அனுப்பிட்டாங்க."

"ரெண்டு மாசமா..."

"ஒன்பது வாரம்."

"சம்பளம்னு ஒண்ணாம் தேதி..."

"போறப்ப ஆபீஸ்ல குடுத்த பணத்துலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்."

"ஏன்?" என்று கத்திவிட்டான். ஃபேன் சத்தத்தையும் மீறி அது காலிக் கூடத்தில் மோதித் திரும்பியது. "என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன புலியா, சிங்கமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டீங்க" என்றாள். "அது எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

அவள் ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு வேலை போச்சு. நாலு மாசம் வீட்ல இருந்தீங்க. எங்க அண்ணன் வந்திருந்தப்ப நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

அவனுக்கு நினைவிருந்தது. தட்டில் சாதம் பாதியில் இருந்தது. மச்சான் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று, "ஒரு ஆளு நாள் பூரா சும்மா உக்காந்திருக்கறதைப் பாக்க எனக்குச் சகிக்கல அண்ணா" என்றாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். அதைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை.

"அதைச் சொன்ன வாயால 'எனக்கு வேலை போச்சு'ன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் அவள். "முதல் நாள் சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க இனிப்பு வாங்கிட்டு வந்து நின்னீங்க. உன்னையெல்லாம் விட்டா அந்த ஆபீஸ் நடக்குமான்னீங்க. மாத்தலாயிடுச்சுன்னு வாயில வந்துடுச்சு. மறுநாள் காலைல டப்பாவைக் கட்டிட்டு எங்கயாவது போகணுமே? ரெண்டு நாள் பார்க்ல உக்காந்தேன். பையில பழைய சாவி ஒண்ணு திருப்பிக் குடுக்காம இருந்தது. இங்க வந்தேன். வேலை தேடி மனுப் போடலாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னு வந்தேன். வந்து உக்காந்த அன்னைக்கே இது அடிச்சுது." டெலிபோனைக் காட்டினாள். "லைனைத் துண்டிக்க மறந்துட்டாங்க. அடிக்கிற போனை எடுக்காம இருக்க எனக்குத் தெரியல."

அவன் நோட்டை இழுத்துப் பார்த்தான். பக்கம் பக்கமாக அவளுடைய குண்டுக் கையெழுத்து. யார் அழைத்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள், பிறகு அவர்கள் காரியம் முடிந்ததா என்பது வரை இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. சில நாள் பத்து. இந்தப் பெண் ஆளில்லாத அலுவலகத்தில், சம்பளமில்லாமல், திருட்டுத்தனமாக ஒரு கிளையை நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அவனுக்குக் கோபம் வர வேண்டும்போல இருந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நோட்டை மூடி வைத்தான்.

படியேறி வந்த பெண்மணி டீ டம்ளரோடு வாசலில் நின்றாள். "இன்னொருத்தர் இருக்காரே, இன்னொண்ணு கொண்டாரவா மேடம்?"

"இவர் என் வீட்டுக்காரர்க்கா" என்றாள் அவள்.

"அப்படியா! சொல்லவே இல்லயே சார்!" என்று அந்தப் பெண்மணி சந்தோஷமாக இறங்கிப் போனாள். இரண்டாவது டீயும் வந்தது. இருவரும் குடித்தார்கள்.

டம்ளரை வைத்துவிட்டு அவள் கேட்டாள். "ரிப்போர்ட் எழுதணுமா?"

"ஆமா."

"ஏசி கெட்டிருக்குன்னு எழுதிடுவீங்களா?"

அவன் யோசித்தான். எழுதலாம். தெர்மோஸ்டாட் கோளாறு, சரி செய்தாயிற்று. இரண்டே வரி. இன்றோடு அவள் வராமல் இருந்தால் நாளையிலிருந்து கோடு தரையாகிவிடும். ஒருத்தருக்கும் தெரியாது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறான், காட்டாத அளவைக் காட்டியதாக ஒருமுறைகூட எழுதியதில்லை. ஆனால் இருபது வருடத்தில் இப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

"நான் கேக்கல" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு. "எழுத வேண்டாம். ஏற்கெனவே ஒரு பொய்யை வச்சுக்கிட்டு ஒன்பது வாரம் மூச்சு விட முடியல. உங்களையும் இதுல இழுக்கணுமா? உள்ளதை எழுதுங்க. சாவியை நானே கொண்டு போய்க் குடுக்கறேன்."

அவள் ரிமோட்டை எடுத்து ஏசியைப் பழைய அளவில் வைத்தாள். டப்பா, ஸ்வெட்டர், நோட்டு எல்லாவற்றையும் பையில் போட்டாள். கிளம்பும்போது டெலிபோன் மறுபடி அடித்தது. இருவரும் நின்றார்கள். "எடு" என்றான் அவன். அவள் எடுத்தாள்.

வீடு திரும்பியபோது மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சைக்குப் படிக்க விட்டிருந்த விடுமுறை. அப்பாவும் அம்மாவும் மத்தியானத்தில் சேர்ந்து வந்ததைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா?" என்றாள்.

அன்றைக்கு இரண்டாவது முறையாக அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"காய்ச்சலுக்கு முந்தின நாள் ஸ்கூல்லேர்ந்து அம்மாவுக்குப் போன் பண்ணேன், எடுக்கல. ஹெட் ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். அப்படி யாரும் இங்க இல்லன்னாங்க. ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன்." மகள் நகத்தைக் கடித்தாள். "அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. நான் தினம் நினைப்பேன், அப்பா இன்னைக்குக் கண்டுபிடிச்சுடுவார்னு. நீங்க ஒண்ணுமே கேக்கல."

பதினோரு அறைகளில் அரை டிகிரி ஏறினாலும் கண்டுபிடிக்கிறவன் அவன். வீட்டில் மூன்றே பேர். அதில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. அவன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றான். மனைவி பொய் சொன்னாள் என்பதா, மகள் மறைத்தாள் என்பதா, எது அதிகம் வலிக்கிறது என்று அவனுக்கே பிடிபடவில்லை. தான் ஒன்றுமே கேட்கவில்லை என்று மகள் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, "காய்ச்சல் அப்புறம் திரும்ப வரலையே?" என்று மகளிடம் கேட்டான். அது வந்து போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ரிப்போர்ட்டை மேனேஜர் மேசையில் வைத்தான். சென்சார்களில் பழுது இல்லை. இரண்டு கண்காணிப்பு சாஃப்ட்வேர் ஒன்றோடொன்று மோதியதால் வந்த தவறான அளவு சரி செய்யப்பட்டது. பகலில் வெப்பம் உயர்ந்ததற்குக் காரணம், அறையில் ஒருவர் இருந்து ஏசியை மாற்றியது. அனுமதியின்றி இருந்தவர் முன்னாள் ஊழியர். அவர் என் மனைவி.

மேனேஜர் கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"டிகிரி சார், இது நிஜமா?"

"நிஜம் மேடம்."

"உங்களுக்கு முன்னாடியே..."

"சத்தியமாத் தெரியாது."

அவள் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தாள். "கடைசி வரி இல்லாம எழுதியிருக்கலாமே. முன்னாள் ஊழியர்னு நிறுத்தியிருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன்."

"நாளைக்கு வேற யார் மூலமாவது தெரிஞ்சா, நான் எழுதின மத்த அளவையெல்லாம் யார் நம்புவாங்க?"

அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பதினோரு அறைகளும் அன்றே அவன் கையிலிருந்து வேறொருவருக்குப் போயின. அவன் வேலை மட்டும் தப்பியது. அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு வேளையில் யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மனைவி சாவியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். கூட வருகிறேன் என்றவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திரும்பி வர மாலையாயிற்று. போலீஸ் வரைக்கும் போகலாம் என்று ஒரு அதிகாரி குதித்தாராம். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த இன்னொரு அதிகாரி, வயதான அம்மா, திடீரென்று நிமிர்ந்து, "இத்தனை பேர் கூப்பிட்டிருக்காங்களா?" என்றாராம். மூடிய கிளைக்கு யாரும் அழைப்பதே இல்லை என்றுதான் கீழே இருப்பவர்கள் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்களாம். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நோட்டை வைத்துக்கொண்டார்கள். வேலை தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"நோட்டை ஏன் குடுத்த?" என்றான் அவன்.

"அதுல முப்பது பேரோட காரியம் இன்னும் முடியல. நான் வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவள் சமையலறை வாசலில் நின்று, "அண்ணா, எனக்கு வேலை போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது" என்றாள். மச்சானுக்கு எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"என்ன மச்சான் சொல்றா இவ? என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று அவன் பக்கம் திரும்பினார்.

"எனக்கே புதன்கிழமைதான் தெரியும் மச்சான்" என்றான் அவன்.

மச்சான் அவனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார். அவள் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. அண்ணனிடமா அவனிடமா சொல்கிறாள் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளின் ரெக்கார்டு பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வாரத்தில் நான்கு நாள்தான், சம்பளம் பழையதில் பாதி. முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவனுக்குப் போன் செய்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"ஃபைலெல்லாம் தாறுமாறாக் கெடக்கு. எவனோ தேதியைப் பாக்காம நிறத்தைப் பாத்து அடுக்கி வச்சிருக்கான்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எந்த அலமாரி, எத்தனை தட்டு, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று. எதிரே திரையில் ஏதோ மஞ்சள் விளக்கு மினுங்கியது. அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றான்.